ஸ்பெல்லோவின் பூவிரிப்புத் திருவிழா: முதல்முறை போகிறவர்களுக்கு

ஞாயிறு காலை ரயிலில் வந்து இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக மேட்டில் ஏறி, நாலு படம் எடுத்துக்கொண்டு மதியமே திரும்பிவிடுவதுதான் ஸ்பெல்லோவுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் செய்வது. அப்படிப் போனால் திருவிழாவில் பாதியைத்தான் பார்ப்பீர்கள், அதுவும் சின்னப் பாதியை. பெரிய பாதி முந்தைய நாள் இரவு நடக்கிறது. எந்த நாள் வருவது, எங்கே தங்குவது, எப்போது தூங்குவது எல்லாவற்றையும் அந்தச் சனிக்கிழமை இரவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊர் எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் நடுப்பகுதியில், கடலே இல்லாத உம்பிரியா மாநிலத்தில், சுபாசியோ மலையின் தென்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் ஸ்பெல்லோ. அதே மலையின் இன்னொரு பக்கத்தில்தான் புனித பிரான்சிஸின் அசிசி. ரோமானியர் காலத்தில் ஹிஸ்பெல்லும் என்று பெயர். அகுஸ்துஸ் காலத்து மதில்வாசல்கள் இன்றும் நிற்கின்றன, வண்டிகள் அவற்றின் வழியேதான் போகின்றன. மலையின் வெளுத்த ரோஜா நிறக் கல்லில் கட்டிய வீடுகள், வாசலெல்லாம் பூந்தொட்டி. இந்த ஊரில் ஆண்டுக்கு ஒரு நாள், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத் தெருக்களைப் பூவிதழாலேயே மூடுகிறார்கள். அறுபதுக்கு மேற்பட்ட படைப்புகள், ஒவ்வொன்றும் ஒரு குழுவின் வேலை. இதற்கு இன்ஃபியோராத்தா என்று பெயர்.

எதற்காக இந்தப் பூ? கத்தோலிக்கர்கள் கொண்டாடும் கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவுக்காக. இத்தாலியில் கோர்ப்புஸ் தோமினி என்பார்கள். 1264ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் உர்பான், இதே உம்பிரியாவிலுள்ள ஒர்வியெத்தோ ஊரிலிருந்து ஆணை எழுதி இதைத் திருச்சபை முழுமைக்கும் உரிய விழாவாக்கினார். நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாகவே அவர்கள் வணங்கும் அப்பத்தை, கதிர்ப்பாத்திரம் என்ற கதிர் வடிவ ஏந்தியில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போவதுதான் விழாவின் உயிர். நற்கருணை கடந்து போகும் பாதைக்கு விரிப்புத்தான் இந்தப் பூ. இதை மனதில் வைத்துக்கொண்டால், ராத்திரி முழுக்க உழைத்துச் செய்ததைக் காலையில் மிதிக்கிறார்களே என்ற அதிர்ச்சி வராது. மிதிக்கப்படத்தான் செய்தது.

தேதியைக் குறிப்பது

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஈஸ்டர் ஞாயிறிலிருந்து சரியாக ஒன்பது வாரம் கழித்து வரும் ஞாயிறு என்று கணக்கு. 2026இல் ஜூன் 7, 2027இல் மே 30, 2028இல் ஜூன் 18. சில நாட்காட்டிகளில் இதே விழா வியாழக்கிழமை என்று போட்டிருக்கும். மரபுப்படி வியாழன்தான், ஆனால் 1977இல் இத்தாலி சில மத விடுமுறைகளை நீக்கியபோது இதுவும் போய், ஞாயிறுக்கு மாற்றப்பட்டது. வியாழனை நம்பி டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.

இதே நாளிலோ அதை ஒட்டியோ வேறு ஊர்களிலும் விழா உண்டு. ஒர்வியெத்தோவில் இடைக்கால உடையணிந்த பெரிய ஊர்வலம் நடக்கும், பார்க்க மிடுக்கானது. ரோமுக்குப் பக்கத்திலுள்ள ஜென்சானோவில் 1778 முதல் பூவிரிக்கிறார்கள். ஒரே நேர்த்தெரு, கோவிலை நோக்கி ஏறும் சரிவு, அதனால் முழுக் கம்பளமும் ஒரே பார்வையில் தெரியும். படம் எடுப்பதுதான் குறிக்கோள் என்றால் ஜென்சானோ போதும். ஊரே கண்விழித்து வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் ஸ்பெல்லோ. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தம், எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

விசாவும் அறையும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம். கோடை விடுமுறைக் கூட்டம் முழுவதும் இதே வாரங்களில்தான் வரிசையில் நிற்கும் என்பதால், ஜனவரி பிப்ரவரியிலேயே விண்ணப்ப மையத்தில் நேரம் பிடித்துவிடுவது நல்லது. பல நாடுகளுக்குப் போகிறவர்கள், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும்.

அறை விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஸ்பெல்லோ மதிலுக்குள் தங்கும் இடங்கள் குறைவு. விழா வாரத்துக்கு மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். கிடைத்தால் விலை பார்க்காமல் எடுங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நடுராத்திரியில் ஒரு மணி நேரம் போய்ப் படுத்துவிட்டு வர முடியும். கிடைக்காவிட்டால் ஃபொலின்யோ. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, ரயிலில் ஐந்து நிமிடம், சமதளத்தில் இருக்கும் வேலைபார்க்கும் ஊர். சாதாரண ஹோட்டல்கள் நிறைய உண்டு. ஒரே எச்சரிக்கை: ஃபொலின்யோவில் ஜூன் நடுவில் குவின்தானா என்ற குதிரைப் போட்டி விழா நடக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழும் ஆண்டுகளில் அங்கும் இடம் கிடைக்காது. அப்போது பக்கத்திலுள்ள பெரிய ஊரான பெருஜாவைப் பாருங்கள். அசிசி அழகுதான், ஆனால் அதன் ரயில் நிலையம் அடிவாரத்தில் சான்தா மரியா தெலி ஆஞ்சலியில் இருக்கிறது. மேலே தங்கினால் பஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

போய்ச் சேருவது

ரோமிலிருந்து வருகிறவர்கள் தெர்மினி நிலையத்தில் ஏறி ஃபொலின்யோவில் இறங்கி, பெருஜா பக்கம் போகும் ரயிலுக்கு மாறலாம். அடுத்த நிறுத்தமே ஸ்பெல்லோ. மாறாமல் நேரே போகும் ரயில்களும் சில உண்டு. ஃப்ளோரன்ஸிலிருந்து வருகிறவர்கள் அசிசியைத் தாண்டி வருவார்கள். இவை பிராந்திய ரயில்கள்: இருக்கை எண் கிடையாது, கட்டணம் ஏறாது, முன்கூட்டி வாங்கியே ஆக வேண்டும் என்ற அவசியமும் இல்லை. காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்ஃபாரத்திலுள்ள பெட்டியில் செருகி நேர முத்திரை பதிக்க வேண்டும். கைபேசியில் வாங்கினால் அதிலேயே ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு, டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுகிற வெளிநாட்டினர் ஏராளம்.

ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் சகஜம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் சில பிராந்திய ரயில்கள் கட்டாயம் ஓடும் என்ற விதி இருக்கிறது, ஆனால் அது வேலை நாட்களுக்கு மட்டும். ஞாயிறன்று அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு வாரம் முன்பே ‘ஷோப்பெரோ’ என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம். விழா நாட்களில் சுற்றுச் சாலைகளை மூடுவார்கள், வண்டியை எங்கோ தூரத்தில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருக்கும். பழைய ஊர்களின் உள்தெருக்களில் அனுமதியற்ற வண்டியைக் கேமரா படம் பிடிக்கும்; அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். அப்படியும் காரில்தான் வருவோம் என்றால், வண்டி நிறுத்துமிடம், அங்கிருந்து விடும் பஸ், அவற்றின் கட்டணம் எல்லாவற்றையும் அந்த ஆண்டின் நகராட்சி அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெல்லோ நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் மேடேறினால் போர்த்தா கொன்சொலாரே என்ற மூன்று வளைவு ரோமானிய வாசல். அதுதான் நுழைவு. அங்கிருந்து கொன்சொலாரே தெரு, கவூர் தெரு, ரெபுப்ளிக்கா சதுக்கம், கரிபால்தி தெரு என்று ஊர் மேலே மேலே போகும். எல்லாம் கல் பாவிய ஏற்றம். வழுவழுப்பான அடியுள்ள செருப்பு வேண்டாம். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவராமல் தோளில் தூக்கிக்கொள்வது மேல். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழ்ப்பகுதியோடு நின்றுகொண்டால் போதும். வாசலை அடுத்த தெருக்களிலேயே நல்ல வேலைகள் பல இருக்கும்.

சனிக்கிழமை

உண்மையில் வேலை பல மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. வசந்தம் வந்ததும் குழுவினர் மலைச்சரிவுகளிலும் வயல் ஓரங்களிலும் பூப்பறிக்கப் போவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பூ: மஞ்சளுக்கு ஜினெஸ்த்ரா என்ற புதர்ப்பூ, சிவப்புக்குப் பாப்பி, நீலத்துக்குக் கார்ன்ஃபிளவர், பச்சைக்குக் காட்டுச் சோம்பின் தழை. சோம்பை நறுக்கும்போது தெருவெல்லாம் அந்த வாசனைதான். சில பூக்களை நிழலில் உலர்த்தி, அரைத்துப் பொடியாக்கிச் சலித்து வைத்துக்கொள்வார்கள். முகத்தின் நிழல், துணி மடிப்பு போன்றவற்றுக்கு அந்தப் பொடி. செடியிலிருந்து வந்தது மட்டுமே சேரலாம், சாயம் கூடாது என்பது போட்டியின் விதி. நம் ஓணப் பூக்கோலத்தையும் மார்கழிக் கோலப்பொடியையும் ஒன்றாகக் கலந்து, அதில் மறுமலர்ச்சிக் கால ஓவியம் வரைந்தது போல இருக்கும் முடிவில் கிடைப்பது.

கடைசிச் சில நாட்களில் வீட்டுக் கீழ்த்தளங்களிலும் கார் கொட்டகைகளிலும் கிழவிகள், பள்ளிப் பிள்ளைகள், வேலைவிட்டு வந்தவர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இதழைக் காம்பிலிருந்து பிரித்து நிறவாரியாகப் பெட்டியில் போடுவார்கள். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டால் இதைப் பார்க்கலாம். கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்து ‘பெர்மெஸ்ஸோ’ (உள்ளே வரலாமா) என்று கேளுங்கள். சில இடங்களில் உட்கார வைத்துக் கையில் ஒரு கூடையைக் கொடுத்துவிடுவார்கள். மறுக்காதீர்கள்.

சனி மதியத்துக்கு மேல் தெருக்களில் குழாய்ச் சட்டங்களை நிறுத்தி மேலே பிளாஸ்டிக் விரிப்பார்கள். காற்றுக்கும் மழைக்கும் பயந்து செய்யும் ஏற்பாடு. மேகம் கருத்தால் ஊரின் முகமும் கருக்கும். தரையைப் பெருக்கி, வரைபடத்தைத் தெருவிலேயே ஒட்டியோ வரைந்தோ முடிப்பதற்குள் இருட்டிவிடும். ஜூனில் அங்கே ஒன்பது மணிக்குத்தான் இருள் சேரும்.

ஆகவே உங்கள் நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் ஊரின் பழைய சின்னங்களைப் பாருங்கள், மதியம் அறைக்குப் போய் நன்றாகத் தூங்குங்கள், இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள். நடுராத்திரிக்குப் பிறகு விடியும்வரை ரயிலை நம்ப முடியாது. ஃபொலின்யோவில் தங்குகிறவர்கள் கடைசி ரயிலில் திரும்புவதா, விடிய விடிய இருப்பதா என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். விடிய விடிய இருங்கள். முடியாதவர்கள் டாக்ஸியை மாலையிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவில் தெருவில் கைகாட்டி டாக்ஸி பிடிக்கும் வழக்கம் இங்கே இல்லை. குளிருக்கு ஒரு மேலாடை, சின்ன டார்ச், தண்ணீர் பாட்டில் போதும். முதுகுப்பையைக் கொண்டுவந்தால் முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்; திரும்பும்போது பின்னால் இருப்பது தெரியாமல் ஒரு தேவதையின் சிறகைத் தள்ளிவிட முடியும்.

ராத்திரி எப்படி நடந்துகொள்வது

விளக்கு வெளிச்சத்தில் பலகைகளின் மேல் குப்புறப் படுத்து, விரலால் ஒரு சிட்டிகை பொடியை வைத்துக்கொண்டிருப்பார்கள். பாட்டி சொல்லப் பேரன் தூவுவான். பக்கத்தில் ஒருவர் மெல்லிய நீர்த்தூவலோடு நிற்பார், இதழ் பறக்காமல் இருக்க. அவர்களுக்கு இது போட்டி. நடுவர்கள் காலையில் வருவார்கள். அதனால் நேரம் போகப் போகப் பேச்சு குறையும். பதினொரு மணிக்குச் சிரித்துப் பதில் சொன்னவர் நாலு மணிக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். கேள்விகளை முன்னிரவிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரே சுற்றில் முழுப் பாதையையும் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் சுற்றில் எல்லாம் வெறும் கோடுகளாக இருக்கும், ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். மூன்று நான்கு படைப்புகளை மனதில் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை மட்டும் திரும்பிப் போய்ப் பாருங்கள். வெறும் சாம்பல் திட்டாக இருந்தது கன்னமாகி, கன்னத்தில் கண்ணீர் வந்திருக்கும். இந்தக் காத்திருப்புக்காகத்தான் விழித்திருக்கச் சொல்கிறேன்.

கயிற்றைத் தாண்டக் கூடாது, இதழைத் தொடக் கூடாது, மேலே குனிந்து தும்மக் கூடாது. இதெல்லாம் சொல்லாமலே தெரியும். வேலை செய்கிறவர்களிடம் ‘ப்வோன் லவோரோ’ (வேலை நன்றாக நடக்கட்டும்) என்று சொல்லிவிட்டு நகர்வது அங்கத்திய மரியாதை. குழந்தைகளைப் படம் எடுக்கும் முன் பெற்றோரிடம் கண்ணாலாவது அனுமதி கேளுங்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு பசிக்கும். பன்றியை மூலிகை வைத்து முழுதாய்ச் சுட்ட போர்க்கெத்தாவை ரொட்டியில் வைத்து விற்பார்கள். அதுதான் உம்பிரியாவின் திருவிழாத் தீனி. சைவர்கள் தோர்த்தா அல் தெஸ்தோ கேளுங்கள், கல்லில் சுட்ட தட்டை ரொட்டி, உள்ளே கீரையும் பாலாடைக்கட்டியும். ‘சென்சா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல். கார்னே என்பதில் மீனையும் பன்றித் தொடை இறைச்சியையும் சிலர் சேர்ப்பதில்லை. ‘சென்சா புரோஷூத்தோ’ என்றும் சேர்த்துச் சொல்வது பாதுகாப்பு. பகலில் உணவகம் கிடைத்தால் ஸ்திராங்கோஸ்ஸி என்ற தடித்த பாஸ்தாவைக் கறுப்பு டிரஃபிள் என்ற நிலத்தடிக் காளானோடு சாப்பிடலாம். ஊரின் ஆலிவ் எண்ணெய்க்கு நல்ல பேர் உண்டு. சுட்ட ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தாலே போதும். காபியை நின்றுகொண்டே குடித்தால் மலிவு. காபி வாங்கினால் கடையின் கழிப்பறையையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

விடியலிலிருந்து ஊர்வலம் வரை

ஐந்தரைக்குச் சூரியன் வரும். ஆறிலிருந்து எட்டுக்குள் கூரைப் பிளாஸ்டிக்கை அவிழ்ப்பார்கள், குழுவினர் கடைசி ஓரங்களைச் சரிசெய்துவிட்டு எழுந்து நிற்பார்கள். முழுதாக, கூட்டமில்லாமல் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மேல் ஊரிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். காலை ரயில்களின் கூட்டம் கீழிருந்து ஏறி வருவதற்குள் முக்கால்வாசி பார்த்துவிடலாம். ஒன்பது மணிக்கு மேல் சில தெருக்களை ஒருவழியாக்கிவிடுவார்கள், கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். பிடித்த இடத்தில் நிற்க முடியாது.

ஊர்வலம் 11 மணி வாக்கில். அதற்கு அரை மணி முன்பே ஓரிடத்தில் நின்றுவிடுங்கள், நிழல் விழும் பக்கமாக. சதுக்கத்தைவிடக் குறுகிய தெருவே நல்லது. ஊர்வலம் கைக்கெட்டும் தூரத்தில் போகும். சபைகளின் கொடி, பாடல், முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைகள், அப்புறம் விதானத்தின் கீழ் கதிர்ப்பாத்திரத்தோடு ஆயர் அல்லது குரு, பூவின் மேல் நடந்து. அந்த நிமிடத்தில் தெரு சட்டென்று அடங்கும். சிலர் மண்டியிடுவார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் மண்டியிட வேண்டியதில்லை. தொப்பியைக் கழற்றி, கைபேசியைக் கொஞ்சம் கீழே இறக்கி நின்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. கோவிலுக்குள் போவதாக இருந்தால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். திருப்பலி என்ற வழிபாட்டில் நற்கருணை வாங்குவது கத்தோலிக்கருக்கு மட்டும்.

அதன்பின்

ஊர்வலம் முடிந்த கையோடு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ரயில் நிலையத்துக்கு இறங்குவார்கள். நீங்கள் போகாதீர்கள். நாலு மணிவரை ஊரிலேயே நிழலில் இருந்துவிட்டு இறங்கினால் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். கலைந்த பூவை நெருங்கிப் பார்க்கவும் அதுவே நேரம். எந்த நிறம் எந்தப் பூவிலிருந்து வந்தது என்று அப்போதுதான் தெளிவாகப் புரியும்.

ஸ்பெல்லோவில் பூவைத் தவிர இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, சான்தா மரியா மஜ்ஜோரே கோவிலிலுள்ள பல்யோனி சிற்றாலயம். பிந்துரிக்கியோ 1501இல் முடித்த சுவரோவியங்கள். வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் மங்கள வார்த்தைக் காட்சியில் சுவரில் மாட்டிய படம் போலத் தன் முகத்தையும் வரைந்து வைத்திருக்கிறார். தரையில் 1566இல் பதித்த தெருத்தா ஊர் ஓடுகள். பூவிரிக்கும் குழுக்கள் வளர்ந்ததே இத்தகைய சுவர்களைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றும். இரண்டாவது, ஊருக்குக் கீழே 2005இல் கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட ரோமானிய மாளிகையின் மொசைக் தரைகள். 2018 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. விழா ஞாயிறன்று இரண்டுக்கும் நிதானமாகப் போக முடியாது. சனி காலையே முடித்துவிடுங்கள். கூட்டமே வேண்டாம் என்று தோன்றினால், பழைய ரோமானிய நீர்க்கால்வாயின் ஓரமாகக் கொல்லேபினோ வரை போகும் நடைபாதை ஆலிவ் தோப்புகளுக்கு இடையே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், யாரும் இருக்கமாட்டார்கள்.

திங்களன்று ரோமுக்குப் போகிறவர்கள் ஜென்சானோவின் அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே விழா எப்போதும் இதே ஞாயிறில் விழுவதில்லை. ஒத்து வந்தால், ரோம் மெட்ரோவின் அனான்யினா நிலையத்திலிருந்து பஸ் பிடித்துத் திங்கள் மாலை போய்ச் சேருங்கள். அங்கே கடைசி நாளன்று ஊர்ப் பிள்ளைகளைப் பூக்கம்பளத்தின் மேல் அவிழ்த்துவிடுவார்கள், கோவில் படியிலிருந்து ஓடி இறங்கி எல்லாவற்றையும் கலைக்க. ஓரத்தில் நின்றால் உங்கள் தலையிலும் பூ விழும்; வெளிர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கறை போகாது.